விளங்கியதை மாணவியே சொல்லட்டும்
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணிதம் கற்பிப்பது பற்றி வைத்தியர்களுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால், ஒருவருடைய நிலையை அவர் வாயாலேயே கேட்டு, பிறகு சோதித்துப் பார்த்து, அதன்படி அடுத்ததைச் செய்வது எங்கள் அன்றாட வேலை. கணித வகுப்புக்கும் அது பொருந்தும் என்பதையே இன்று சொல்ல விரும்புகிறோம்.

"விளங்கினதோ பிள்ளையள்?" என்று கேட்டால் "ஓம் ரீச்சர்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும். இந்த மண்டபத்திலுள்ள எல்லாத் தலைமுறையினருக்கும் அந்தக் குரல் பழக்கமானது. யாருக்கு எது விளங்கவில்லை என்பது தவணைப் பரீட்சையில்தான் தெரியவரும். அதற்குள் பாடம் பல அலகுகள் தாண்டிவிடும். கணிதத்திலோ ஓர் அலகின் மேல்தான் அடுத்தது நிற்கிறது. பின்னத்தில் தடுமாறிய பிள்ளை பின்னர் அட்சரகணிதத்திலும் தடுமாறுவாள். சாதாரண தரத்தில் கணிதம் கட்டாய பாடம். விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த போல் பிளக், டிலன் வில்லியம் ஆகியோர், கற்றலுக்கு உதவும் கணிப்பீடுகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1998 இல் வெளியிட்டார்கள். மாணவர் தம்மைத் தாமே கணிப்பிடுவது அதில் முக்கிய இடம்பெற்றது. பின்னர் அவர்களுடன் சேர்ந்து இயங்கிய ஆசிரியர்கள் வீதிச் சமிக்ஞை விளக்கின் மூன்று நிறங்களை வகுப்பில் பயன்படுத்தினார்கள்.

முறை எளியது. பாட முடிவில் மாணவி தன் கொப்பியில் ஒரு நிறப்புள்ளி இடுகிறாள். பச்சை என்றால் 'தனியாகச் செய்வேன்'. மஞ்சள் என்றால் 'கொஞ்சம் உதவி வேண்டும்'. சிவப்பு என்றால் 'எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை'. கொப்பிகளை மூன்று அடுக்காக்க ஆசிரியைக்குச் சில நிமிடங்கள் போதும். பெரும்பாலும் சிவப்பாயின் அடுத்த நாள் அந்தப் பாடத்தை வேறு வழியில் மீண்டும் தொடங்கலாம். சிவப்பு சிலரே என்றால், பச்சையையும் மஞ்சளையும் சோடி சேர்த்துவிட்டு, ஆசிரியை சிவப்புப் பிள்ளைகளுடன் இருக்கலாம்.

பிள்ளை இடும் நிறத்தை அப்படியே நம்பலாமா? நோவுக்கு 0 முதல் 10 வரை எத்தனை கொடுப்பீர்கள் என்று நோயாளியிடம் கேட்கிறோம். அவர் சொல்வதை மதிக்கிறோம். ஆனால் நீண்டகால நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சுநோ இல்லாமலே மாரடைப்பு வரலாம். நோகவில்லை என்று அவர் சொல்வது பொய்யன்று; அவருக்கு உண்மையிலேயே நோகவில்லை. ஆகவே ஈசிஜியும் எடுக்கிறோம்.

அதுபோல, நிறப்புள்ளிக்குக் கீழே ஒரு சிறு கணக்கும் இருக்கவேண்டும். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால், தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 2/5 என்று எழுதிவிட்டுப் பச்சைப் புள்ளி இடும் பிள்ளை இருப்பாள். அவளுக்குச் செய்கையைத் திரும்பச் சொல்வதிலும், "2/5 அரையிலும் கூடவா, குறைவா?" என்று கேட்பது நல்லது. அரையோடு ஒன்றைக் கூட்டியபின் அரையிலும் குறையுமா என்று அவளே யோசிப்பாள்.

சரியாக 5/6 என்று எழுதிவிட்டுச் சிவப்பு இடுபவளும் இருப்பாள். பெண்கள் பாடசாலையில் இவளைத்தான் நாங்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். பல நாடுகளில் 2012 இல் நடந்த பீசா ஆய்வில், ஆண்பிள்ளைகளுக்குச் சமமாகக் கணிதம் செய்த பெண்பிள்ளைகள்கூடத் தம் திறமையில் குறைந்த நம்பிக்கையே கொண்டிருந்தமை தெரியவந்தது. இவளுக்கு மேலும் பயிற்சி தருவது மருந்தன்று. "நீ செய்தது சரி, எப்படிச் செய்தாய் என்று பக்கத்திலிருப்பவளுக்குச் சொல்லிக்கொடு" என்பதே மருந்து. உயர்தரத்தில் கணிதப் பிரிவைத் தன்னால் முடியாதென்று அவள் ஒதுக்குவதை அந்தச் சொல் தடுக்கக்கூடும்.

ஒரு நிபந்தனை உண்டு. இந்த நிறங்களுக்குப் புள்ளி வழங்கக்கூடாது. வகுப்பில் வாசிக்கவும் கூடாது. தேர்ச்சி அறிக்கையிலும் சேர்க்கக்கூடாது. சீனி கூடிவிட்டதென்று கிளினிக்கில் ஏச்சு வாங்கியவர், அடுத்த முறை சாப்பாட்டைப் பற்றி உண்மை சொல்லமாட்டார். சிவப்பு இட்டதற்காக ஒரு பிள்ளை ஏச்சு வாங்கினால், மறுநாள் வகுப்பு முழுவதும் பச்சையாகிவிடும். பிறகு மீண்டும் "ஓம் ரீச்சர்"தான்.

பாடத்திட்டத்தை முடிக்க ஆசிரியைகள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். ஆகவே வாரத்தில் ஒரு பாடத்தில், கடைசி ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பார்க்கும்படி பணிவுடன் கேட்கிறோம். தாய்மாராகிய சகோதரிகளே, "எத்தனை புள்ளி?" என்று கேட்குமுன் "இன்றைக்கு எது விளங்கவில்லை?" என்று கேட்போம். மாணவிகளே, விளங்கவில்லை என்று சொல்வது உங்கள் ஆசிரியைக்கு நீங்கள் செய்யும் உதவி. நாளை எங்கே தொடங்குவது என்பதை அவருக்கு உங்களால்தான் காட்ட முடியும்.