துடைப்பத்தோடு மேடையேறியவர்



விழிப்புணர்வு நாடகம் போடும் நாம், குடிக்காதே, கழிப்பறை கட்டு என்று பறையடித்து ஊருக்குப் புத்தி சொல்லிவிட்டு வேன் ஏறிவிடுகிறோம். தெரிந்ததையே மறுபடி கேட்க அந்த ஊருக்கு என்ன தலையெழுத்தா?

பிரேசிலின் நாடக இயக்குநர் அகஸ்டோ போவாலும் இப்படித்தான் தொடங்கினார். நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியைத் தூக்கிப் பாடியது அவருடைய குழு. பார்த்துக்கொண்டிருந்த உழவர் ஒருவர் நெகிழ்ந்துபோய், சாப்பிட்டுவிட்டு நேரே போய்ப் பண்ணையார் ஆட்களை விரட்டுவோம், வாருங்கள் என்றார். ஐயோ, இது பொய்த் துப்பாக்கி என்றார்கள் நடிகர்கள். பரவாயில்லை, எங்களிடம் நிஜமே இருக்கிறது என்றார் அவர். நாங்கள் வெறும் நடிகர்கள் என்று இழுத்தார்கள். அப்படியானால் சிந்த வேண்டியது எங்கள் ரத்தம் மட்டும்தானா என்று கேட்டார் பாருங்கள், போவாலிடம் பதில் இல்லை.

1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்துக்குப் போனார். அங்கே போட்ட ஒரு நாடகத்தில், வீட்டுக் கணக்கு, பத்திரமாக வை என்று கணவன் கொடுத்த தாள்களை, படிக்கத் தெரியாத மனைவி அடுத்த வீட்டில் காட்டுகிறாள். எல்லாம் காதல் கடிதங்கள்! அவன் வந்ததும் என்ன செய்வது? சபையிலிருந்த ஓர் அம்மாள், நன்றாகப் பேசித் தெளிவித்துவிட்டு மன்னிக்கட்டும் என்றார். நடிகை எப்படிப் பேசியும் அவருக்குத் திருப்தியில்லை. போவால் அவரையே மேடைக்கு அழைத்தார். ஏறியவர் துடைப்பத்தை எடுத்துக் கணவனாக நடித்தவரை வெளுத்து வாங்கினார். பிறகு மன்னித்து, போய்ச் சாப்பாடு எடுத்து வா என்றார். அந்த அம்மாள் மனத்தில் இருந்ததை எழுதிக்கொடுத்து எந்த நடிகையை நடிக்க வைத்திருக்க முடியும்?

விவாத அரங்கு பிறந்தது அப்படித்தான். சிக்கலான இடத்தில் நாடகம் நிற்கும். பார்ப்பவர் ஏறி, வேறு வழியை நடித்துக் காட்டுவார். நடுவில் நிற்கும் ‘ஜோக்கர்’ தீர்ப்புச் சொல்லக்கூடாது, இது நம்ம ஊரில் நடக்குமா என்று சபையைக் கேட்க வேண்டும். வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது வசனத்தை மனப்பாடம் செய்வதைவிடக் கடினம். அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

நாடகத்தால் உளக்காயம் ஆற்ற வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’ நாடகத்தை எழுதியபோது, போர் தந்த மனக்காயம் சபையில் இருந்தவர்களுக்கும் இருந்தது. அழவைப்பது சுலபம். அழுதவரோடு மறுநாள் யார் உட்காருவது? மனநலம் படித்தவர் ஒருவராவது குழுவில் இருக்கட்டும்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாடகம் போட்ட ஊருக்கே மறுபடி போக பயிற்சி பெறும் பிள்ளைகளுக்குப் பணம் ஒதுக்குங்கள். பேனர், பொன்னாடைச் செலவைக் குறைத்தாலே பஸ் சார்ஜ் தேறிவிடும்.