படம் மட்டும் பார்த்தால் போதுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி, தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு சினிமா நடிகையைப் பற்றிப் பேசப் போகிறோம். ‘இதென்ன, கூட்டத்துல சினிமாக் கதையா?’ என்று நினைக்காதீங்க. கடைசியில் நம்ம தீர்மானப் புத்தகத்தில்தான் வந்து நிற்கப் போகிறோம்.

சண்டைப் படம் என்றால் யார் ஞாபகம் வருவாங்க? புரூஸ் லீ, ஜாக்கி சான். நம்ம வீட்டுப் பிள்ளைகள் கூடச் சொல்லும். ஆனால் புரூஸ் லீ ஹாங்காங்கில் கதாநாயகனாக நடித்த முதல் குங்ஃபூ படம் வந்தது 1971-ல். அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1966-ல், அதே ஹாங்காங்கில் ஒரு இளம்பெண் கையில் ஆயுதத்தோடு திரையில் வந்து நின்றார். அவர் பெயர் செங் பெய் பெய்.

1946-ல் சீனாவில் ஷாங்காய் நகரத்தில் பிறந்தவர். சின்ன வயதில் படித்தது சண்டைக்கலை இல்லை, நடனம். பிறகு ஹாங்காங் வந்து ‘ஷா பிரதர்ஸ்’ என்ற பெரிய பட நிறுவனத்தில் சேர்ந்தார். இயக்குநர் கிங் ஹூ, ‘கம் டிரிங்க் வித் மீ’ என்ற படத்தில் இவரைக் கதாநாயகி ஆக்கினார். சண்டையும் நடனம் மாதிரி தாளத்தோடு இருக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். அதனால் சின்ன வயதில் கற்ற நடனம் இவருக்குக் கைகொடுத்தது.

கதை என்ன தெரியுமா? ஒரு அதிகாரியைக் கொள்ளைக்காரர்கள் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அவரை மீட்க வருவது படை இல்லை, அவருடைய சகோதரி. பெயர் தங்கச் சிட்டு. தன்னந்தனியாக ஒரு சத்திரத்தில் வந்து உட்காருகிறாள். சுற்றி அத்தனை ஆண்கள் சீண்டிப் பார்க்கிறார்கள். அவள் சத்தம் போடவில்லை, பதறவில்லை. அன்றைக்கு அந்தப் படம் பெரிய வெற்றி. ‘வாள் ராணி’ என்றே செங் பெய் பெய்க்குப் பெயர் வந்தது.

1970-ல் கல்யாணம் ஆகி அமெரிக்கா போய்விட்டார். நான்கு பிள்ளைகள். படங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. நமக்கெல்லாம் தெரிந்த கதைதானே இது? பிற்காலத்தில் மணவாழ்க்கையும் முறிந்தது. ஆனால் அவர் முடங்கிப் போகவில்லை. திரும்ப நடிக்க வந்தார். கதாநாயகியாகத்தான் வருவேன் என்று அடம்பிடிக்கவில்லை. சிரிப்புப் படங்களிலும் நடித்தார்.

2000-ல், 54 வயதில், ஆங் லீ இயக்கிய ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ படத்தில் வில்லியாக வந்தார். நான்கு ஆஸ்கர் விருது வாங்கிய படம் அது. மூன்று தலைமுறைப் பெண்கள் அதில் சண்டை போடுகிறார்கள்: செங் பெய் பெய், மிஷெல் யோ, ஜாங் ஸியி. இந்த மிஷெல் யோதான் 2023-ல், 60 வயதில், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர்.

சகோதரிகளே, இனிதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். அந்தப் படத்தில் செங் பெய் பெய் ஏற்ற பாத்திரத்தின் பெயர் பச்சைக்கல் நரி. வித்தை கற்க ஆசைப்பட்ட பெண் அவள். குரு அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டார், ஆனால் பெண் என்பதால் வித்தையைச் சொல்லித்தரவில்லை. அவள் அவரைக் கொன்றுவிட்டு, வித்தைப் புத்தகத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். கொலை கொலைதான், அதற்கு நாம் பரிந்து பேசவில்லை. பிறகு ஒரு பெரிய அதிகாரி வீட்டில் பெண்பிள்ளைக்குத் தாதியாக மறைந்து வாழ்ந்து, அந்தச் சிறுமிக்கு ரகசியமாக வித்தை சொல்லித்தருகிறாள்.

ஆனால் நடந்தது என்ன? அவளால் அந்தப் புத்தகத்தின் எழுத்தைப் புரிந்துகொள்ள முடியவில்லை. அதில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகினாள். சிறுமிக்கோ படிக்கத் தெரியும். அதே புத்தகத்தை எழுத்தோடு படித்து, சொல்லித்தந்தவளையே மிஞ்சிவிட்டாள். பல வருஷம் அதை வெளியே காட்டவும் இல்லை. உண்மை தெரிந்தபோது அந்தக் கிழவி உடைந்து போகிறாள். புத்தகம் அவள் கையில்தான் இருந்தது. ஆனாலும் அது அவளுடையதாக இல்லை.

இதை நாங்கள் ஏன் சொல்கிறோம்? எங்கள் தப்பையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழுவில் பத்து வருஷமாகக் கையெழுத்துப் போட்டு வரும் அக்கா ஒருவர். எட்டாவது படிக்கும் அவருடைய மகள் ஒருநாள் விளையாட்டாகப் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். அம்மா வாங்காத 8,000 ரூபாய் கடன் அம்மா பேரில் இருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்தும் இருந்தது. ‘கையெழுத்து என்னுதுதான் மேடம், ஆனா என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாதே’ என்று அவர் அழுதபோது எங்களுக்குப் பதில் இல்லை. ஏனென்றால் அவருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். கைநாட்டு ஒழிந்தது என்று அறிக்கையும் எழுதினோம். எழுத்தறியாதவருக்குக் கையெழுத்தும் ஒரு படம்தான். பார்த்துப் பார்த்து வரைகிறோம், அவ்வளவுதான்.

செங் பெய் பெய்க்கு 2019-ல் மூளையைப் பாதிக்கும் அரிய நோய் கண்டறியப்பட்டது. நடுக்குவாதம் மாதிரியானது, அதைவிடக் கடுமையானது. வெளியே சொல்லாமல் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு காலத்தைக் கழித்தார். 2024 ஜூலை 17-ல் காலமானார். தன் மூளையை மருத்துவ ஆராய்ச்சிக்குத் தானமாகக் கொடுக்க அவரே முடிவு செய்திருந்தார். தனக்கு வந்த நோயைப் பற்றி மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதானே! வித்தையை ஒளித்து வைத்த குருவின் கதையில் நடித்தவர், தன்னிடம் இருந்த கடைசிப் பொருளையும் ஒளிக்காமல் கொடுத்துவிட்டுப் போனார்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திலிருந்து, தீர்மானத்தைச் சத்தமாக வாசித்த பிறகே கையெழுத்து. வாசிப்பது ஊக்குநர் மட்டும் இல்லை, முறை வைத்து ஒவ்வொருவராக. தெரியாதவர் பக்கத்தில் தெரிந்தவர் உட்கார்ந்து, முதலில் தன் பெயர், அடுத்து தொகை, அப்புறம் முழு வரி என்று சொல்லிக்கொடுக்கட்டும். ‘இந்த வயசுல எனக்கு என்னம்மா படிப்பு?’ என்று கேட்கும் அக்காமாரே, 54 வயதில் ஆயுதமெடுத்து நின்றவரை நினைச்சுக்குங்க.

புத்தகம் நம் கையில் இருக்கிறது. எழுத்தும் நம் கைக்கு வரட்டும்.