தன் லென்ஸையே ஏற்காத கேமரா

பழவேற்காடு லைட் ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணே, செகண்ட் ஹேண்டில் கேனான் 5டி ஒன்று வருது. மாமா ஸ்டுடியோ வைத்திருந்த காலத்து கேனான் லென்ஸ் ரெண்டு வீட்டில் சும்மா கிடக்குது. கேனானுக்கு கேனான் மாட்டிக்கும்தானே?”

மாட்டாது தம்பி. நிக்கான் லென்ஸ் மாட்டும். ஒலிம்பஸ் மாட்டும். ஒரு காலத்தில் நம் ஊர்களில் பலர் கழுத்தில் தொங்கிய ரஷ்ய ஜெனித்தின் லென்ஸ்கூட மாட்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் போட ஒரு வளையம் போதும். மாட்டாத லென்ஸ்களும் சில உண்டு. அந்தப் பட்டியலில் கேனான் பெயரே இருப்பதுதான் கொடுமை. இன்றைக்கு அந்தக் கதைதான்.

முன்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். ஃபுல் ஃப்ரேம் என்றால் கேமரா பெரியது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் சென்சார் 24க்கு 36 மில்லிமீட்டர், அவ்வளவுதான். சினிமா ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டிப் பார்த்த ஜெர்மன்காரர் ஆஸ்கர் பார்னாக்கின் அளவு அது. 1925-ல் லைகா கடைக்கு வந்தபிறகு உலகமே அந்த அளவுக்கு லென்ஸ் செய்தது. டிஜிட்டல் வந்தபோது சென்சார் விலை அதிகம் என்பதால் சின்னதாக வெட்டினார்கள். அதில் பழைய 50 எம்எம் லென்ஸைப் போட்டால் படத்தின் ஓரங்கள் போய், 80 எம்எம் போட்டதுபோல் நெருங்கித் தெரியும். ஃபுல் ஃப்ரேமில் போட்டால் அந்த லென்ஸ் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தப் படம் அப்படியே வரும். பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஃபுல் ஃப்ரேமைத் தேடுவது இதனால்தான். ஆனால் பழவேற்காடு ஏரியில் பூநாரை எடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: தூரத்துப் பறவைக்குச் சின்ன சென்சார்தான் வசதி. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது 1985-க்குப் போவோம். மினோல்டா 7000 என்று ஒரு கேமரா வந்தது. பட்டனை அழுத்தினால் தானே ஃபோகஸ் செய்துகொள்ளும். கேனானுக்கும் நிக்கானுக்கும் தூக்கம் போயிற்று. மறு வருடம் நிக்கான் எஃப்-501 வந்தது. ஃபோகஸ் செய்யும் மோட்டார் கேமராவுக்குள்ளே; ஒரு சின்னத் தண்டு வெளியே வந்து லென்ஸைத் திருப்பும். 1959-ல் போட்ட மவுண்டை, அதாவது லென்ஸ் மாட்டும் வாயை, நிக்கான் மாற்றவில்லை. கேனானும் மாமாவின் லென்ஸ்களுக்கான தன் எஃப்டி மவுண்டை வைத்துக்கொண்டே டி80 என்று ஒன்றைச் செய்து பார்த்தது. எடுபடவில்லை.

1986-ல் கேனான் டி90 வந்தது. கையால் ஃபோகஸ் செய்யும் கேமராக்களில் அதுபோல் ஒன்று அதற்குமுன் கேனானிலேயே இல்லை. சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு வாங்கியவர்கள் எத்தனை பேரோ! ஒரே வருடம்தான். 1987 மார்ச்சில், நிறுவனத்தின் ஐம்பதாவது ஆண்டில், ஈஓஎஸ் 650-ஐ வெளியிட்டார்கள். மவுண்ட் புதிது. வாய் 48 மில்லிமீட்டரிலிருந்து 54 மில்லிமீட்டராக அகன்றது. நெம்புகோல், தண்டு எதுவும் கிடையாது. கேமராவும் லென்ஸும் மின்சாரத்தாலேயே பேசிக்கொள்ளும். மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் போனது. 1971-லிருந்து விற்ற எஃப்டி லென்ஸ் ஒன்றுகூட இதில் நேராக ஏறாது.

பொறியியலாகப் பார்த்தால் கேனான் செய்தது சரி. நான் மறுக்கவில்லை. அடுத்த பத்து வருடத்தில் விளையாட்டு மைதான ஓரங்களில் கேனானின் வெள்ளை லென்ஸ்களாக வரிசை கட்டி நின்றதற்கு அந்த முடிவுதான் காரணம். ஆனால் பதினாறு வருடம் வாங்கியவனுக்கு என்ன வழி விட்டார்கள்? ஒரு மாற்றி செய்தார்கள். அதுவும் நீண்ட டெலி லென்ஸ் சிலவற்றுக்கு மட்டும், உள்ளே கண்ணாடி வைத்து, படத்தை 1.26 மடங்கு பெரிதாக்கும் மாற்றி. தொழில்முறை ஆட்களுக்காகச் செய்தது. ஸ்டுடியோ வைத்துப் பிழைத்த மாமாக்களுக்கு ஒன்றுமில்லை.

ஏன் வளையம் போட முடியாது? கணக்கு சின்னதுதான். லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தூரம் வைத்திருக்கிறது. நிக்கானுக்கு 46.5 மில்லிமீட்டர். ஜெனித்தின் திருகு மவுண்டுக்கு 45.46. ஒலிம்பஸுக்கு 46. ஈஓஎஸ் கேமராவுக்கு 44. ஆகவே நிக்கான் லென்ஸுக்கு இரண்டரை மில்லிமீட்டர் வளையம் போட்டால் கணக்கு சரி. எஃப்டிக்கோ 42. லென்ஸ் இரண்டு மில்லிமீட்டர் கேமராவுக்குள்ளே போய் உட்கார வேண்டும், எப்படிப் போகும்? வெளியிலேயே நிற்கும். வெளியில் நின்றால் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது.

எவ்வளவு தூரம் என்று போட்டுப் பார்க்கலாம். 50 எம்எம் லென்ஸ் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் சுமார் ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழாது. வளையத்தின் கனத்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். கையில் பிடித்த இறாலை எடுக்கலாம். இறால் பிடித்த ஆளை முழுதாக எடுக்க முடியாது. 300 எம்எம் லென்ஸில் எல்லை சுமார் 45 மீட்டர். பழவேற்காடு ஏரியில் பூநாரைக் கூட்டம் 45 மீட்டரில் நின்று போஸ் கொடுக்குமா? ஏரி ஆழமில்லாதது, பறவை நடுவில் எங்கோ நடந்துகொண்டிருக்கும். கிட்டே போகச் சொல்லிப் படகுக்காரரை நெருக்கி, கூட்டத்தைக் கிளப்பிவிட்டு, பறக்கும்போது எடுத்து லைக் வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தூரக் கணக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டை கட்டியது 1613-ல். அதற்கு ஐந்து வருடம் முன்னால் அவர்கள் நாட்டில், மிடில்பர்க் ஊரில் மூக்குக்கண்ணாடி செய்துகொண்டிருந்த ஹான்ஸ் லிப்பர்ஹே, குழாயில் இரண்டு கண்ணாடி வைத்த தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டார். கொடுக்கவில்லை. வேறு ஆட்களும் உரிமை கோரினார்கள். பார்த்தவன் எவனும் செய்துவிடக்கூடிய பொருளாகவும் இருந்தது. இரண்டு கண்ணாடிக்கு நடுவிலுள்ள தூரத்தை ஒருவர் பெயரில் எழுதிவைக்க முடியவில்லை அன்றைக்கு. பிற்காலத்தில் ஒவ்வொரு கேமரா கம்பெனியும் தனக்கென்று ஒரு தூரம் வைத்துக்கொண்டது!

இனி வேடிக்கைக்கு வருகிறேன். 2002-ல் கேனான் 1டிஎஸ் என்று ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் கேமரா விட்டது. விலை 7,999 டாலர். 2005-ல் 5டி வந்தது, 12.8 மெகாபிக்சல், 3,299 டாலர். நிக்கானிடம் அப்போது ஃபுல் ஃப்ரேமே கிடையாது. டி3 வந்தது 2007-ல்தான். நடுவில் இருந்த இரண்டு வருடமும் பெட்டி நிறைய நிக்கான் லென்ஸ் வைத்திருந்தவர்களில் பலர் என்ன செய்தார்கள்? கேனான் 5டி வாங்கி, வளையம் போட்டு, நிக்கான் லென்ஸை மாட்டினார்கள். கேனானையே நம்பி எஃப்டி வாங்கியவன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

கம்பெனி விசுவாசம் பார்க்காதவர் நம் சென்னையிலேயே ஒருவர் இருந்தார்: மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மேனில் பத்தி எழுதியவர். அவருடைய கேமராவின் உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற உறுப்புகளும் அவரே சேர்த்துப் பொருத்தியவை. அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயர். ஷூ லேஸ்கூடத் தென்பட்டதோ என்று கூடப்போனவர் ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார். யானைப் படங்களைப் பாருங்கள். எந்த மவுண்ட் என்று யாரும் கேட்க மாட்டீர்கள்.

சரி, 5டி வாங்குவதா? கையால் ஃபோகஸ் செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு படி மேலே, 2008-ல் வந்த மார்க் 2-ஐப் பாருங்கள். முதல் 5டியில் லைவ் வியூ கிடையாது. மார்க் 2-ல் திரையில் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். வியூ ஃபைண்டரை மட்டும் நம்பினால் ஏமாற்றும்: ஆட்டோஃபோகஸ் கேமராக்களின் வியூ ஃபைண்டர் திரை வெளிச்சமாக இருக்கும், ஆனால் 1.4 லென்ஸைப் போட்டாலும் 2.8 போட்டதுபோலத்தான் காட்டும். தெளிவாக இருக்கிறதென்று அழுத்துவீர்கள், கண்ணுக்குப் பதில் காது ஃபோகஸ் ஆகியிருக்கும். முதல் 5டியையே வாங்கினால் ஈஈ-எஸ் என்ற வியூ ஃபைண்டர் திரையைத் தேடி மாற்றிக்கொள்ளுங்கள். கையால் ஃபோகஸ் செய்பவர்களுக்காகவே வந்தது. உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி கழன்று விழுவது அந்த மாடலில் தெரிந்த கோளாறு. கேனானே இலவசமாக வலுப்படுத்திக் கொடுத்தது. அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். சில பழைய லென்ஸ்களின் பின்பக்கம் அந்தக் கண்ணாடியில் இடிக்கும். மாட்டியதும் ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் தூரத்துப் பக்கம் திருப்பிப் பாருங்கள். நிக்கான் கேமரா வாங்குகிறவர்கள், 1977-க்கு முந்தைய லென்ஸ் என்றால் கவனம்: திருத்தப்படாததைப் பல கேமராக்களில் அழுத்தி மாட்டினால் ஓரத்திலுள்ள சின்ன நாக்கு உடையும்.

மாமாவின் எஃப்டி லென்ஸை விற்றுவிடாதீர்கள். 2013-ல் சோனி ஏ7 வந்தது. அந்தப் பிரதிபலிப்புக் கண்ணாடியே இல்லாத கேமரா, தூரம் 18 மில்லிமீட்டர். 2018-ல் கேனானின் ஈஓஎஸ் ஆர், 20 மில்லிமீட்டர். இரண்டிலும் வெறும் வளையத்தோடு எஃப்டி உட்காரும், பூநாரைவரைக்கும் ஃபோகஸ் ஆகும். ஃபுல் ஃப்ரேம் கேனானில் கேனானின் எஃப்டி லென்ஸ் மறுபடி ஏற முப்பத்தொரு வருடம். விலை இறங்கும்வரை லென்ஸைக் காப்பாற்றுவதுதான் வேலை. ஏரியோரம், கடலோரம், உப்புக் காற்று. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல் வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை, அதை முதலில் சுத்தம் செய்யக் கொடுங்கள். இல்லையென்றால் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள், ஈரத்தை அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும்.