திரையில் ஒரு கண இருள்



மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மலையேறி, காற்று ஓயாது வீசும் ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து கிழக்கே இறங்கினால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபுறத்தில் லக்கலப் பிரதேசம் விரிந்து கிடக்கிறது. அதன் பழைய கடைத்தெருவாகிய பல்லேகம இன்று களு கங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. அங்கு வாழ்ந்தோருக்காக மேட்டு நிலத்தில் அமைக்கப்பட்ட புதிய நகரம் 2018ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது.

இத்தகைய ஊரில் பொது மண்டபம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாலை, மூழ்கிப்போன கடைத்தெருவின் படங்களைத் திரையில் காட்டுகிறார்கள். முதியவர் ஒருவர் தாம் பிறந்த வீட்டைப் படத்தில் இனங்கண்டு, அதனைப் பற்றிச் சொல்ல மேடையேறுகிறார். அவருடைய முகத்தைக் கேமராவின் மூலம் திரைக்குக் கொண்டுவரும் பொருட்டுப் பொத்தானை அழுத்துகிறார்கள். திரை நீலமாகிறது. எழுத்துகள் தோன்றுகின்றன, மறைகின்றன. சபையில் சிரிப்பு எழுகிறது. முகம் திரைக்கு வந்து சேரும்போது முதியவரின் தழுதழுத்த சொல் முடிந்து விடுகிறது. மண்டபங்களின் படக்கருவிகளைப் புதுப்பிப்பது பற்றிப் பேச வந்த நான் அந்தச் சில விநாடிகளிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

ஒரு படத்திலிருந்து மற்றொரு படத்துக்கு மாறுவது என்பது திரைப்படக் கலையின் பழைய சங்கடம். 35 மில்லிமீட்டர் படச்சுருள் விநாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும்; அதாவது நிமிடத்துக்கு 90 அடி. 2,000 அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய 22 நிமிடங்களில் தீர்ந்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இத்தகைய சுருள்கள் ஏழு வேண்டும். ஒரே இயந்திரம் கொண்ட கொட்டகைகளில் சுருளுக்குச் சுருள் விளக்கைப் போட்டார்கள். வசதியுள்ள படமாளிகைகளிலோ இரண்டு இயந்திரங்கள் அருகருகே நின்றன. சுருள் முடிவதற்குச் சுமார் 8 விநாடிகள் முன்பு திரையின் வலது மேல்மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னும்; ஆபரேட்டர் இரண்டாவது இயந்திரத்தை ஓடவிடுவார். முடிவதற்கு ஒரு விநாடி முன்பு இன்னொரு வட்டம் மின்னும். ஒன்றின் ஒளியை மூடி மற்றதன் ஒளியைத் திறப்பார். கரிக்கோல்கள் எரிந்து தேயத் தேய அவற்றை நெருக்கி வைப்பதும் அவர் பணியே. அவர் அறையில் புழுக்கம், இரைச்சல். கீழே ஆயிரம் பேர் கதையில் ஆழ்ந்திருப்பார்கள். அவர் ஒருவர் இருப்பதே சபைக்குத் தெரியாது. அதுவே அவருடைய வெற்றி.

பின்னர் விஞ்ஞானம் விரைந்தது. 1950களில் கரிக்கோலுக்குப் பதிலாக செனான் விளக்கு வரத் தொடங்கியது. 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாரி ஹார்ன்பெக் என்பவர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஆடிகளைச் சில்லொன்றின்மேல் அடுக்கி, மின்சாரத்தால் அவற்றைச் சாய்த்து ஒளியை ஆளும் வழியைக் கண்டார். 1999ஆம் ஆண்டில் அந்த முறையில் அமெரிக்கப் படமாளிகைகளில் முழுநீளப் படம் காட்டப்பட்டது. நமக்கு அயலிலுள்ள சென்னையில் ரியல் இமேஜ் நிறுவனம் 2005ஆம் ஆண்டையொட்டிக் கியூப் என்னும் டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது. தகரப் பெட்டிகளில் ஊரூராகச் சென்ற சுருள்கள் சில ஆண்டுகளுக்குள் அருகிப் போயின.

சுருள் போனபின் மாறும் சங்கடமும் போயிருக்க வேண்டுமே, நேயர்களே! போகவில்லை. திரைப்படம் மட்டும் காட்டும் இடத்தில் அது தீர்ந்தது. பல பணிகளுக்குப் பயன்படும் பொது மண்டபத்தில் வேறு உருவில் திரும்பி வந்தது. அங்கே மடிக்கணினி ஒன்று, கேமரா ஒன்று, வட்டு இயக்கும் பெட்டி ஒன்று எனப் பல ஊற்றுகள் ஒரே திரைக்குப் போட்டியிடுகின்றன. சாதாரண மாற்றுப்பெட்டி செய்வதெல்லாம் ஒரு கம்பியைத் துண்டித்து மறு கம்பியை இணைப்பதே. துண்டித்த கணத்தில் புரொஜெக்டர் தன் படத்தை இழக்கிறது. புதிதாக வந்த கருவியோ, "நீ யார்? எத்தனை புள்ளிகளைக் காட்ட வல்லாய்? இந்தப் படத்தைக் காட்ட உனக்கு உரிமை உண்டா?" என்று அதனை விசாரிக்கிறது. இவ்விசாரணை முடியும்வரை திரை வெறுமையாக நிற்கும். இடையறாது மாற்றும் பெட்டி என ஒன்று உண்டு. அது எல்லா ஊற்றுகளின் படங்களையும் தன் நினைவகத்தில் ஒரே அளவாக்கி வைத்துக்கொள்கிறது. புரொஜெக்டருக்குச் செல்லும் ஓட்டத்தை ஒருபோதும் நிறுத்துவதில்லை. பழைய ஆபரேட்டர் இரண்டாவது இயந்திரத்தை முன்கூட்டியே ஓடவிட்டாரல்லவா? அதே புத்திதான் இது.

ஆனால் புதுப்பிக்கப் பணம் கிடைத்ததும் பலர் முதலில் வாங்குவது பெரிய புரொஜெக்டரையே. கணக்குப் பார்ப்போம். 6 மீட்டர் அகலமும் சுமார் 3.4 மீட்டர் உயரமும் உள்ள திரையின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர மீட்டர். படமாளிகைக்குரிய ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 காண்டெலா என்பது நியமம். சாதாரண வெள்ளைத் திரையில் அதனைப் பெற 3,000 லூமென் போதும். விளக்கு நாளடைவில் மங்குவதையும் எண்ணி 5,000 லூமென் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது இருண்ட மண்டபத்துக்குரிய கணக்கு. யன்னல்கள் திறந்து பகல் வெயில் திரைமீது விழுமானால், இருமடங்கு விலை கொடுத்து வாங்கிய கருவியும் வெளிறிய படத்தையே தரும். கறுப்புத் திரைச்சீலையோ மலிவானது, பழுதாவதுமில்லை. ஆதலின் முதற்செலவு யன்னல்களுக்கு.

இரண்டாவது செலவு கம்பிக்கு. மேடைக்கும் படக்கருவி அறைக்கும் இடையே 30 மீட்டர் இருந்தால், கடையில் வாங்கும் சாதாரண எச்.டி.எம்.ஐ. செப்புக் கம்பி அத்தூரத்துக்குத் தாங்காது. 10, 15 மீட்டருக்கு மேல் அதனை நம்ப முடியாது. கணினி வலையமைப்புக் கம்பியின் இரு முனைகளிலும் உரிய பெட்டிகளைப் பொருத்தினால் 100 மீட்டர்வரை படத்தைக் கொண்டுசெல்லலாம். கண்ணாடி இழைக் கம்பி அதனினும் தொலைவு செல்லும். மூன்றாவது, மேலே சொன்ன மாற்றுப்பெட்டி. புரொஜெக்டர் நான்காவதாக வரட்டும்.

அதனைத் தெரிவு செய்கையில் மலைநாட்டின் இயல்பையும் நோக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழையை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவு நேரே தாங்குகிறது. ஈரமேறிய அறையில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் வில்லைகளில் பூஞ்சணம் படரும். வாரமொரு முறையேனும் கருவியை இயக்கிச் சூடேற்றுதல் நலம். மின்சாரம் திடீரென நின்றால், குளிர்விக்கும் விசிறியும் நின்று சூடான விளக்கு சேதமுறும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறக்கவில்லை. சில நிமிடமாவது மின்சாரத்தைத் தாங்கும் மின்கலப் பெட்டியும், மின்னலின் அதிர்ச்சியைத் தடுக்கும் கருவியும் இன்றியமையாதவை. விளக்குக்குப் பதில் லேசர் ஒளி கொண்ட புரொஜெக்டர் விலை கூடியதெனினும் 20,000 மணி நேரம்வரை உழைக்கக் கூடியது. சாதாரண விளக்கையோ சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டும். மாற்றுவிளக்கு வாங்க மலை தாண்ட வேண்டிய ஊருக்கு இது சிறிய வேறுபாடன்று.

கடைசியாக ஒன்று. பணமனைத்தையும் பெட்டிகளுக்குச் செலவிட்டு, அவற்றை இயக்குபவரை மறந்துவிடலாகாது. ஊரிலேயே உள்ள இளைஞர் இருவருக்கு, ஆண் பெண் என்ற பேதமின்றி, இக்கருவிகளைப் பழக்கி வையுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். விழாவுக்கு முதல்நாள் ஒருமுறை முழுவதும் ஒத்திகை பாருங்கள். வெளியூர் வல்லுநர் வந்து பொருத்திவிட்டுச் சென்ற சிக்கலான கருவியைவிட, ஊர்க்கை அறிந்த எளிய கருவி மேலானது.

பழைய பல்லேகமவைத் தண்ணீரிலிருந்து எவராலும் மீட்க முடியாது. இனி அது படங்களிலும் முதியோர் வாய்ச்சொல்லிலுமே உயிர்வாழும். படமும் சொல்லும் ஒருங்கே சபையைச் சேர, இடையே திரை இருளாதிருக்க வேண்டும். அந்த ஒரு கண இருளை நீக்குவதற்கே இத்தனை ஏற்பாடும். அதனைச் செவ்வனே நீக்கியவரைச் சபை திரும்பியும் பாராது. அவரும் அதனை எதிர்பாரார்.