தம்பேத்தன்ன தேயிலை ஸ்டோரில் ஒரு நாள்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சுற்றுலாப் போய் வந்த கதையைச் சொல்லும்படி செயலாளர் எங்களைப் பணித்திருக்கிறார். போனவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் மேடையேறினால் மேடை தாங்காது என்பதால், எல்லோர் சார்பிலும் இதை எழுதி வாசிக்கிறோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கப் புறப்பட்டவர்கள் அல்லர். சாக்லேட் தொழிற்சாலையைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். எங்கள் குழுவில் இளையவரான தம்பி ஒருவர், இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரில் போர்ன்வில் என்னுமிடத்தில் காட்பரி கம்பெனியார் 1990ஆம் ஆண்டில் திறந்த காட்சிச்சாலையைப் பற்றி எங்கோ வாசித்துவிட்டு வந்தார். கொக்கோக் கொட்டை எப்படி இனிப்பாகிறது என்று அங்கே காட்டுகிறார்களாம். சீட்டு வாங்கிக்கொண்டு குழந்தைகளும் பெரியவர்களும் கூட்டங்கூட்டமாகப் போகிறார்களாம். "நம் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லையா அண்ணா?" என்று கேட்டார். கொக்கோ மரம் மாத்தளைப் பக்கம் உண்டு. ஊவாவில் சாக்லேட்டுக்கு நாங்கள் எங்கே போவோம்?

அப்போது எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்தப் பிரயாணத்துக்கு வித்து. "கொக்கோ இருக்கட்டும். தேயிலைத்தூள் எப்படி உண்டாகிறது என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?" என்றார். பதினொரு பேரில் ஒன்பது பேர் லயத்தில் பிறந்தவர்கள். தேயிலை ஸ்டோருக்குள் காலடி வைத்தவர் இரண்டே பேர். எங்களுக்குத் தலைகுனிவாக இருந்தது.

இன்னொன்றும் தெரிய வந்தது. ஜோன் காட்பரி என்பவர் 1824ஆம் ஆண்டில் பர்மிங்காமில் கடை திறந்தபோது விற்ற பொருள்களில் கொக்கோப் பானத்தோடு தேயிலையும் கோப்பியும் இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில்தான் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட நம் முன்னோரைத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வந்தார்கள். 1823 முதல் கணக்கிட்டு, மலையகத் தமிழர் வரவின் இருநூறாவது ஆண்டை 2023இல் நாடெங்கும் நினைவுகூர்ந்தோமல்லவா? அங்கே ஒருவர் கடை திறக்க, இங்கே ஒரு கூட்டம் காடு வெட்டியது. உலக வியாபாரத்தின் இரண்டு முனைகள் இவை.

நிற்க. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை அதிகாலைக் கோச்சியில் பதுளையிலிருந்து புறப்பட்டோம். பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924இல். ஆக அது நூறாவது ஆண்டு. அப்புத்தளைக்கு 1893இலேயே பாதை வந்துவிட்டது. அங்கிருந்து இங்கே வர இன்னும் முப்பத்தொரு வருஷம் பிடித்திருக்கிறது. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து தன் கீழேயே தான் நுழைவதையும், எல்லைக்குப் பக்கத்தில் ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்த்தால் ஏன் என்று விளங்கும். பாலத்தில் வெள்ளைக்காரப் பயணிகள் அந்த நேரத்திலேயே படம் எடுக்க நின்றார்கள்.

இந்தக் கோச்சியைப் பற்றிப் பெரியவர்களுக்கு வேறு நினைவு உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்களைப் பங்கு போட்டார்களே, அதன்பின் தலைமன்னார் வழியாகப் போனவர்கள் இந்த ஸ்டேசன்களில்தான் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று அதற்குப் பெயர். நாங்கள் அதே பாதையில் இட்லியும் சம்பலும் கட்டிக்கொண்டு பாட்டுப் பாடிப் போனோம். கூட வந்த பெரியவர் மட்டும் பண்டாரவளை தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை.

அப்புத்தளையில் இறங்கி, பஸ்ஸில் பத்துப் பதினொரு கிலோமீட்டர் வளைந்து வளைந்து போனால் தம்பேத்தன்ன. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை. நீண்ட வெள்ளைக் கட்டடம். கிட்டப் போகுமுன்பே அந்த வாசனை வந்துவிடும். நம் வீட்டுத் தேத்தண்ணி வாசனையல்ல அது, பச்சை இலையும் சூடும் கலந்த வாசனை.

லிப்டனைப் பற்றிச் சில வார்த்தை. அவர் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைப் பெற்றோரின் பிள்ளை. சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர். 1871இல் கிளாஸ்கோவில் ஒரு மளிகைக் கடை திறந்தவர். 1869இல் இலைநோய் பற்றிக் கோப்பி அழியத் தொடங்கிய நாட்டில், ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டு வழிகாட்டியிருந்தார். கோப்பியால் முறிந்துபோன தோட்டங்கள் மலிவாகக் கிடைத்த காலத்தில் லிப்டன் வந்து வாங்கினார். நடுவில் நின்ற தரகரைத் தள்ளிவிட்டு, தேயிலையைச் சிறு பொட்டலமாகக் கட்டி, ஏழைத் தொழிலாளி வாங்கும் விலைக்கு விற்றார். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை ஏழை வீடுகளுக்கு மலிவாகத் தேயிலை கொடுத்தார். அந்த மலிவை இந்தப் பக்கத்தில் தாங்கியவர்களும் ஏழைகள்தான் என்பதை அவர் எந்த அளவு நினைத்தாரோ, யாமறியோம்.

சீட்டு வாங்கி உள்ளே போனோம். உத்தியோகத்தர் ஒருவர் பொறுமையாகக் காட்டினார். மேல் மாடியில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரமும் ஆகும், பதினெட்டும் ஆகும், வானத்தைப் பொறுத்தது. வாடிய இலை பட்டுத்துணி போல் கையில் மடங்குகிறது, ஒடிவதில்லை. பிறகு அது கீழே ரோலரில் விழுகிறது. பித்தளைத் தட்டின்மேல் அந்த யந்திரம் ஆட்டுக்கல் சுற்றுவது போலவே சுற்றுகிறது. இலையின் சாறு வெளியே வந்து காற்றோடு சேர்கிறது. பரப்பி வைத்தால் பச்சை நிறம் செம்பாகி விடுகிறது. இதை நொதித்தல் என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் அது வெட்டிய வாழைக்காய் கறுப்பது போன்ற காரியந்தான் என்று உத்தியோகத்தர் விளக்கினார். சாக்லேட் தம்பி விடுவாரா? கொக்கோக் கொட்டையையும் புளிக்க வைத்தால்தான் மணம் வரும் என்றார். அது மெய், ஆனால் அங்கே வேலை செய்பவை ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள், இங்கே இலையின் சொந்தச் சாறு.

அந்த நேரத்தைத் தீர்மானிப்பதில்தான் டீமேக்கரின் மூக்குக்கு வேலை. சற்றுப் பிந்தினால் மணம் போய்விடும். சரியான வேளையில் உலர்த்தும் அடுப்புக்குள் அனுப்பி நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு சல்லடை. பி.ஓ.பி., எப்.பி.ஓ.பி., பெக்கோ, டஸ்ட் என்று பிரித்துக் கொழும்பு ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த ஏலம் 1883இல் தொடங்கியது.

நாங்கள் போன மாதம் நல்ல மாதம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று அடிக்கிறதே, உதடு வெடிக்கிறது என்று நாம் சபிக்கும் அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிறது. அந்தப் பருவத்துத் தேயிலையில் ஒரு குளிர்ந்த மணம் உண்டு. அதற்குக் காரணமான பொருள்களில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். வேறெங்கே கண்டிருக்கிறோம் அதை? மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலத்தில். எங்களில் ஒருவர் கோப்பையை மூக்கருகே வைத்துவிட்டு, "இது எங்க அப்பாயி முழங்கால் வாசமடா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவருடைய அப்பாயி நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். அந்த முழங்காலுக்குத்தான் தைலம். உயர்ந்த தரம் என்று எங்களுக்கு ஊற்றித் தந்த அந்தத் தேத்தண்ணியை அவர் ஒருநாளாவது குடித்திருப்பாரா என்று யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தோட்டத்தில் கொடுக்கும் தூள் எது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

பிற்பகல் லிப்டன் சீட் என்னும் உச்சிக்கு ஏறினோம். ஏழு கிலோமீட்டர், நடை. சுமார் 1,970 மீட்டர் உயரம். விடியற்காலையில் போனவர்களுக்கு நாலு திசையும் தெரியுமாம். நாங்கள் போன நேரத்தில் மூடுபனி வந்து லிப்டனையே மறைத்துவிட்டது. அங்கே அவர் சிலையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நம் வாலிபர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். 1890இல் அது நடந்திருக்குமா? பனி ஒரு நிமிஷம் விலகியபோது, பூனாகலை, கொஸ்லந்தை இருக்கும் பள்ளத்துப் பக்கத்தைப் பெரியவர் காட்டினார். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மீரியபெத்தை லயங்கள்மேல் மலை சரிந்த பக்கம். சிறிது நேரம் நின்று மனத்துக்குள் பிரார்த்தித்தோம்.

ஏறும்போது நடந்த ஒன்றை இப்போதுதான் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட நண்பர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். சொல்லும்படி அவரே கேட்டுக்கொண்டார். பாதையோரத்து மலையில் படங்கு கட்டிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து, "எந்தத் தோட்டம் தம்பி?" என்று கேட்டார். முன்னால் நடந்தவர் கொழும்பில் வேலை பார்க்கும் எங்கள் நண்பர். "தோட்டமில்லைங்க, பதுளை டவுன்" என்றார். அவர் பசறைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? கொழும்பில் நாங்களும் அப்படிச் சொன்னவர்கள்தாம்.

இறங்கி வரும்போது அந்த அம்மா கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நின்றார். நண்பர் எங்களை விட்டு நேரே அவரிடம் போனார். "அம்மா, ஏறுறப்ப பொய் சொல்லிட்டேன். பசறைப் பக்கம் தோட்டந்தான்" என்றார்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றார் அந்த அம்மா. "ஆத்தா இன்னும் மலைக்குப் போகுதா?"

"வயசு வந்து நின்னுருச்சும்மா."

"கால் வலியா?"

"ஆமா."

"போறப்ப தைலம் வாங்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தராசில் மாட்டினார். அவ்வளவுதான் பேச்சு.

திரும்பும் கோச்சியில் சாக்லேட் தம்பி கணக்குப் போட்டார். பல தோட்டங்களில் ஒரு பேருக்கு 18 கிலோ அளவில் கொழுந்து கேட்கிறார்கள். ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்றால் 3,600 கிராம். கோப்பைக்கு இரண்டு கிராம் வீதம் 1,800 கோப்பை. நாட்சம்பளம் 2021 முதல் 1,000 ரூபாய். ஆகவே கோப்பைக்கு 56 சதம். அடுத்த மாதம், செப்டம்பரில், அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக்கப்பட்டது. அப்போது 75 சதம். தொழிற்சாலைச் செலவு, விறகு, லொறி, ஏலக்கூலி எல்லாம் இதற்கு மேல் உண்டென்பதை மறுக்கவில்லை. கணக்கில் நியாயம் வேண்டும். ஆனாலும் அந்த 56 சதம் என்ற எண் பதுளை வரும்வரை எங்களைத் தூங்கவிடவில்லை.

இனி எங்கள் கோரிக்கை. நிர்வாக சபையார் கவனிக்க வேண்டும். கதிர்காமத்துக்கு வருஷந்தோறும் பஸ் ஒழுங்கு செய்கிறோம். பெரியவர்கள் அனைவரும் வருகிறார்கள். அதுபோல வருகிற ஆகஸ்ட்டில் ஒரு பஸ், தேயிலை ஸ்டோருக்கு. அதில் வாலிபர்களுக்கு இடம் கடைசியில்தான். வேலையிலிருந்து நின்ற நம் பாட்டிமார், அம்மாமார் முதலில் ஏற வேண்டும். காலமெல்லாம் மடுவத்தில் கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள் உள்ளே போய், தாங்கள் எடுத்த கொழுந்து என்ன ஆயிற்று என்று பார்க்கட்டும். முதல்தரத் தேத்தண்ணி ஒரு கோப்பை உட்கார்ந்து குடிக்கட்டும். சீட்டுச் செலவுக்கு நாங்கள் பதினொரு பேரும் ஆளுக்கு ஒரு பங்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். பசறை நண்பர் இரண்டு பங்கு எழுதியிருக்கிறார். பெயர் கொடுக்க விரும்பும் பாட்டிமார் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசைக்கு வரலாம். படி இறங்க முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் நாங்கள் லயத்துக்கே வருவோம்.