வினாவே பிழையானால்

பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் ஒரு வினா தவறாக அமைந்துவிட்டால் பெருந்தீங்கு ஒன்றும் விளைவதில்லை. ஆசிரியர் கரும்பலகையில் திருத்தி எழுதிவிடுவார். அரசாங்க உத்தியோகத்துக்கான போட்டித் தேர்விலோ ஒரே மதிப்பெண்ணில் பலர் நெருக்கியடித்து நிற்கின்றனர். அங்கே ஒரு தவறான விடைக்குறிப்பு ஒருவனுடைய வாழ்க்கையையே மாற்றிவிடக்கூடும்.

பிழையான வினாவை நீக்கிவிடலாம். எல்லோருக்கும் அதற்குரிய மதிப்பெண்ணை வழங்கலாம். வரிசையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. மற்ற வினாக்கள்தாம் முன்பின்னைத் தீர்மானிக்கும். குறைந்தபட்ச மதிப்பெண் விதித்திருந்தால் மட்டும் வேறுபாடு தோன்றும். ஆனால் அவ்வினாவோடு ஐந்து நிமிஷம் போராடியவனுக்கு அந்த நேரத்தை எவராலும் திருப்பித் தர இயலாது. ஊன்றிப் படித்தவனே பெரும்பாலும் இவ்வலையில் சிக்குகிறான். மேலோட்டமாகப் படித்தவன் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறான்!

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு பற்றிய கான்பூர் பல்கலைக்கழக வழக்கில், 1983-இல் உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. விடைக்குறிப்பு சரியென்றே முதலில் கொள்ளவேண்டும். தவறு ஐயத்துக்கிடமின்றி விளங்கினால் மாணவனைத் தண்டித்தல் ஆகாது என்று கூறியது. வினா இயற்றுவோர் தரும் விடைகளை வேறு அறிஞர்கள் சரிபார்க்கவேண்டும் என்றும் யோசனை சொன்னது. சிக்கனமான யோசனை, வழக்குச் செலவைவிட மலிவானது.

பீகாரில் இளநிலைப் பொறியாளர் தேர்வில் நடந்தது இன்னும் சங்கடமானது. கட்டடப் பொறியியல் தாளின் 100 விடைகளில் 41 தவறானவை என்று நிபுணர்கள் கண்டனர். மறுதேர்வா, மறுமதிப்பீடா என்பது பெரிய கேள்வியாயிற்று. தேர்வர்கள் எவரும் முறைகேடு செய்யவில்லை. பழுது விடைக்குறிப்பிலேயே இருந்தது. ஆகவே திருத்திய குறிப்பைக் கொண்டு மீண்டும் மதிப்பிட்டால் போதும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்குள் தவறான குறிப்பினால் தேறியவர்கள் ஏறத்தாழ ஏழாண்டுகள் பணியாற்றிவிட்டனர். அவர்களை வெளியேற்றுவதா? குறிப்பைத் தயாரித்ததில் அவர்களுக்குப் பங்கு ஏது? மறுமதிப்பீட்டில் தேறாவிட்டாலும் அவர்கள் வேலையில் நீடிக்கலாம். ஆனால் தேறியோர் பட்டியலின் அடியில் வைக்கப்படுவர் என்றனர் நீதிபதிகள். புதிதாகத் தேறியவர் இவர்களுக்கு மேலே அமர்ந்தார். இழந்த ஏழாண்டுகள் இழந்தவையாகவே நின்றன.