விடுதி அறைக்குள் காற்று வரட்டும்

பல்கலைக்கழக மாணவர் விடுதிகளைப் புதுப்பிப்பது பற்றியது இன்றைய பேச்சு.

சிங்கப்பூரில் இரண்டாம் பருவத் தேர்வுகள் ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி மே மாதத் தொடக்கம் வரை நடக்கின்றன. ஆண்டிலேயே வெப்பம் மிகுந்த காலமும் அதுதான். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்ச அளவுக்கு அது சமம். வெயில் அப்படிக் கொளுத்தும் நாள்களில்தான் விடுதி மாணவர்கள் இரவு ஒரு மணி வரை படித்துவிட்டு, காலை ஒன்பது மணித் தேர்வுக்கு எழ வேண்டியிருக்கிறது. வெயில் இறங்கிய பின்னும் அறை ஏன் ஆறுவதில்லை?

பகலில் விடுதி அறைகளில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. வகுப்பு, நூலகம், உணவகம் என்று பொழுது போகிறது. ஆனால் மேற்குப் பார்த்த கான்கிரீட் சுவர் பிற்பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. குடித்த சூட்டை இரவில்தான் மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. வெளியே 27 டிகிரிக்கு இறங்கிய பிறகும் உள்ளே புழுக்கம் குறையாததற்கு அதுவே காரணம். மேல்மாடி அறையென்றால் கூரையின் சூடும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது கட்டட அமைப்பு. நடுவில் நடைபாதை, இரு பக்கமும் வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஒரே பக்கத்தில் சன்னல். பழைய விடுதிகள் பல இப்படித்தான் கட்டப்பட்டன. காற்று உள்ளே வர வேண்டுமானால் அது வெளியே போகவும் வழி வேண்டும். அறைக் கதவைச் சாத்தியதும் அந்த வழி அடைபடுகிறது. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்க முடியுமா? பெண் பிள்ளைகளால் நிச்சயமாக முடியாது. அந்தக் காலத்துக் கம்பத்து வீடுகளில் கதவுக்கும் சன்னலுக்கும் மேலே மரச்சட்டங்களில் துளையிட்டுக் காற்றுக்கு வழி விட்டிருந்தார்கள். கதவு மூடியிருந்தாலும் காற்று ஓடும். கட்டடக் கலை படிக்காத தச்சர்கள் செய்த வேலை அது.

புதுப்பிப்பு என்றவுடன் இப்போது நடப்பது என்ன? சுவருக்குப் புதுச் சாயம், புதிய கட்டில், புதிய மேசை, பிறகு அறைக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி. படம் எடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் சூடேறும் சுவர் அப்படியே நிற்கிறது. மேற்கூரை மின்விசிறி ஒன்று 50, 60 வாட் மின்சாரத்தில் சுழலும். சிறிய அறையின் குளிர்சாதனப் பெட்டி முழு வேகத்தில் ஓடும்போது அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறப்படுவது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சில விடுதிகளில் குளிர்சாதனத்திற்கு மாணவர்கள் முன்பணம் கட்ட வேண்டும். பயன்படுத்தப் பயன்படுத்தத் தொகை குறைந்துகொண்டே வரும். மின்சாரத்தை வீணாக்காமலிருக்க இது நல்ல முறைதான். ஆனால், உபகாரச் சம்பளத்தில் படிக்கும் பிள்ளையும், மாதாமாதம் வீட்டிலிருந்து வரும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் பிள்ளையும் பொத்தானைத் தொடத் தயங்குகிறார்கள். அவர்கள் சன்னலைத் திறந்து வைத்தால் பக்கத்து அறைப் பெட்டியின் வெளிப்புற இயந்திரம் கக்கும் அனல் அந்தச் சன்னல் வழியாகவே வருகிறது. காசு உள்ளவரின் குளிர்ச்சி காசு இல்லாதவரின் அறையைச் சூடாக்குகிறது. இதற்குப் பசுமை விடுதி என்று பெயர் வைப்பது பொருந்தாது.

செய்ய வேண்டிய வேலையின் வரிசையை மாற்றினால் பாதித் தொல்லை தீரும். முதலில் வெயிலைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். மேற்குச் சுவருக்கு முன்னால் நிழல் தரும் பலகைகள், சன்னலுக்கு மேலே நீண்ட மறைப்பு, கூரைக்கு வெப்பத் தடுப்பு. பிறகு கதவுக்கு மேலே, சத்தத்தை ஓரளவு தடுத்துக் காற்றை விடும் திறப்பு. தீப்பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப இதைச் செய்வது பொறியாளர்களுக்குக் கொஞ்சம் தலைவலிதான். ஆனால் அதற்காகத்தானே பொறியாளர்கள்! அதற்கும் பிறகு நல்ல மின்விசிறி. வீசும் காற்று உடலில் படும்போது வியர்வை ஆவியாகிறது. அதனால் 28 டிகிரியிலும் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் உடல் உணரும். இவ்வளவும் போதாத இரவுகளுக்கு மட்டுமே குளிர்சாதனம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட எஸ்டிஇ4 என்ற வகுப்பறைக் கட்டடத்தில், காற்றை மிதமாகக் குளிர்வித்து மேற்கூரை விசிறிகளால் சுழல விடுகிறார்கள். கடுங்குளிர் கிடையாது, சட்டைக்கு மேல் சட்டை போட்டு உட்கார வேண்டியதில்லை. ஓராண்டில் தனக்குத் தேவைப்படும் மின்சாரத்தைக் கூரைத் தகடுகளிலிருந்தே பெறும்படி அது வடிவமைக்கப்பட்டது. அதைவிடக் கவனிக்கத்தக்கது, அதே துறையின் பழைய கட்டடங்களான எஸ்டிஇ1, எஸ்டிஇ3 இரண்டையும் இடிக்காமல் புதுப்பித்ததுதான். தூணையும் தளத்தையும் வைத்துக்கொண்டால் புதிதாக அவ்வளவு சிமெண்டும் இரும்பும் வேண்டாம். அவற்றைத் தயாரிப்பதில் வெளியாகும் கரியமில வாயுவும் மிச்சம்.

ஆனால் வகுப்பறை பகலில் விழித்திருக்கும். விடுதி இரவில் விழித்திருக்கும். சூரியத் தகடுகள் மின்சாரம் தரும் நேரத்தில் விடுதி அறைகள் காலி. அந்த மின்சாரம் வளாகத்தின் மற்ற கட்டடங்களுக்குப் போகலாம், அதில் பழுதில்லை. அதற்காகக் கூரையில் தகடு போட்டுவிட்டோம், இனி இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடலாம் என்று கணக்குப் போட முடியாது.

குடியிருப்பவர் வசதியை முன்வைத்துப் பழைய விடுதியைப் புதுப்பித்த ஒரு கதை ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் இருக்கிறது. அங்குள்ள புர்ஸே மாணவர் விடுதி 1970களில் கட்டப்பட்டது. பொதுச் சமையலறை, பொதுக் குளியலறை, நீண்ட நடைபாதை. காலம் மாறியது, மாணவர்கள் அங்கே தங்க விரும்பவில்லை, அறைகள் காலியாகக் கிடந்தன. இடித்துவிடாமல் 2000க்கும் 2003க்கும் இடையில் இரண்டு கட்டமாகப் புதுப்பித்தார்கள். பழைய வெளிச்சுவரை நீக்கிவிட்டு, முன்கூட்டியே செய்த மரச்சட்டச் சுவர்களைச் சற்று வெளியே தள்ளி நிறுத்தினார்கள். அதனால் கிடைத்த இடத்தில் அறை பெரிதானது, தனிக் குளியலறையும் வந்தது. இரண்டாவது கட்டத்தில் வெப்பத் தேவையை மிகவும் குறைக்கும் ‘பாசிவ் ஹவுஸ்’ தரத்தையே எட்டினார்கள். அவர்களுக்குக் குளிர் எதிரி, இங்கே வெயில். சுவரின் வேலை மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

சின்ன விஷயம் என்று ஒதுக்கப்படுவது துணி உலர்த்தும் இடம். வீவக வீடுகளில் மூங்கில் கழியில் துணி காய்வது எல்லாருக்கும் பழகிய காட்சி. விடுதிகளிலோ கழி மாட்ட இடமில்லை, திடீர் மழை வேறு. ஆகவே நான்கு சட்டைக்கும் காசு போட்டு உலர்த்தும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். மொட்டைமாடியில் ஒளி புகும் கூரையும் நான்கு பக்கமும் திறப்பும் உள்ள ஒரு கொட்டகை போட்டால் அந்த இயந்திரங்களில் பாதி ஓய்வெடுக்கும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நிபுணர் குழு வேண்டாம், துணி துவைக்கும் மாணவரிடம் கேட்டாலே போதும். புதுப்பிப்புத் திட்டக் கூட்டங்களில் அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும்.

வேலை நடக்கும்போது மாணவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. மே மாதத் தேர்வு முடிந்து ஆகஸ்ட்டில் வகுப்பு தொடங்கும்வரை கிடைப்பது மூன்று மாதம். முழு விடுதியையும் ஒரே மூச்சில் மூடினால், வெளியே அறை வாடகை கொடுக்க இயலாதவர்கள்தாம் தவிப்பார்கள். ஒரு புளோக்கை மட்டும் முதலில் எடுத்து, நிழலும் காற்றுவழியும் விசிறியும் அமைத்து, எல்லா மாடிகளிலும் வெப்பமானி வைத்து, பக்கத்துப் புளோக்கின் மின்கட்டணத்தோடு ஓராண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த ஓராண்டுக்குள் ஓர் ஏப்ரல் தேர்வுக்காலமும் வந்துபோகும். மேல்மாடி மேற்குப் பக்க அறையில் இருப்பவர் அந்த இரவுகளில் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.